வெர்பல் பகுதிக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கேட் (CAT) தேர்வு ஒருங்கிணைப்பாளர் அவர்கள், இந்திய மேலாண்மைக் கழகங்கள்.

பொருள்: சென்னை மேற்குப் புறநகர்ப் பட்டதாரிகளின் வெர்பல் மதிப்பெண் தொடர்பாக.

ஐயா / அம்மா,

முதலில் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பொறியியல் பட்டதாரிகளிடம் பள்ளியும் கல்லூரியும் மறைத்த ஓர் உண்மையைத் தாங்கள் ஒருவர்தான் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொன்னீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் போட்டு வாழ்த்தி அனுப்பப்பட்ட பிள்ளை, தங்கள் தேர்வில் ஆங்கில வாசிப்பை அளக்கும் வெர்பல் பகுதிக்கான முதல் 40 நிமிடத்திலேயே தன் நிலையைத் தெரிந்துகொள்கிறது. கணக்கில் நூற்றை நெருங்கும் பர்சன்டைல், வெர்பலில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கட் ஆஃப் இருப்பதால், கணக்கில் மிஞ்சியதை எடுத்து வெர்பலில் போட்டு ஈடுகட்டவும் முடியாது. நடுவில் வரும் தரவுப் பகுதியும் பத்தி பத்தியான ஆங்கிலத்தில்தான் தொடங்குகிறது என்பதால், மெதுவாகப் படிப்பவருக்கு ஒரே குறைக்கு இரண்டு முறை அபராதம். கட்டணம் மட்டும் ஒருமுறை. 2025-ல் பொதுப்பிரிவுக்கு 2,600 ரூபாய்.

குறையைக் கண்டுபிடித்தது தாங்கள். மருந்து விற்பது வேறு ஆட்கள். மருந்தின் பெயர் வார்த்தைப் பட்டியல். தேர்வில் நேரடிச் சொற்பொருள் கேள்விகளையும் இலக்கணக் கேள்விகளையும் தாங்கள் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2024-ல் வெர்பல் பகுதியின் 24 கேள்விகளில் 16 பத்தியைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. மீதி எட்டும் கலைந்த வாக்கியங்களை அடுக்குவது, விட்டுப்போன வரியை இடத்தில் பொருத்துவது, சுருக்கம் தேர்வது போன்றவை. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலில் நின்றபடி அருஞ்சொற்களை உருப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இல்லாத தேர்வுக்கு இவ்வளவு உழைப்பு வேறெங்கும் செலவாவதாகத் தெரியவில்லை. தேர்வு கேட்பது சொல்லை அல்ல, வாதத்தை. ஆசிரியர் எதை மறுக்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார், எந்த உண்மை வெளிவந்தால் அவர் கட்சி சாயும் என்பதுதான் கேள்வி. அந்த அளவில் தங்கள் வெர்பல் பகுதி நல்ல பகுதி என்றே நினைக்கிறேன்.

என் முறையீடு பத்திகளைப் பற்றியது. வரைபடத்தில் வடக்கு ஏன் மேலே வந்தது என்று 2017-ல் கேட்டீர்கள். இடத்தின் மீது மனிதருக்குள்ள பாசத்தையும், அலாவுதீன் கதையைப் பிரெஞ்சுக்காரரிடம் சொன்ன சிரியாக்காரரையும் 2019-ல் கொடுத்தீர்கள். மறு ஆண்டு யானைக் கடல்நாய்களின் வட்டார வழக்கு. எல்லாம் அருமையான விஷயங்கள். நிதானமாக, காப்பியோடு, ஆங்கிலச் சிந்தனை இதழ்கள் வந்து விழும் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டியவை. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு இவை புதிய செய்தியாக இருக்கலாம். புதிய நடை அல்ல.

இதற்குத் தங்கள் தரப்புப் பதில் எனக்குத் தெரியும். பதில் பத்திக்குள்ளேயே இருக்கிறது, முன்னறிவு தேவையில்லை, யாருக்கும் தெரியாத பொருளைக் கொடுப்பதுதான் எல்லாருக்கும் நியாயம் என்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டி என்று பெயர் வாங்கிய ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் அளப்பதில் பெரும்பங்கு, பொருளோடு ஏற்கெனவே இருக்கும் பழக்கம். நடுநிலையான பத்தி என்று ஒன்று கிடையாது. யாருக்குப் பழகிய பத்தி என்பதே கேள்வி.

அப்படியானால் எங்களுக்குப் பழகிய பத்தி ஒன்றை முன்மொழிகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பிரிவு 15. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளைத் தாண்டாமல் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. தாண்டினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது அடுத்த பிரிவு. வாங்கியவர் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் லேத் வைத்திருப்பவர் கையில் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டரோ 90 நாள் என்கிறது. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா? வரிச்சலுகை போய்விடும் என்று பயந்து பெரிய கம்பெனி பணத்தைச் சீக்கிரம் கொடுக்குமா, அல்லது இந்த விதிக்குள் வராத நடுத்தரக் கம்பெனிக்கு வேலையை மாற்றிவிடுமா? உட்கருத்து அறிதல், வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது என்று கண்டுபிடித்தல், ஆசிரியரின் தொனி என எல்லாமே இதில் உண்டு. தவறான விடைக்குத் தாங்கள் ஒரு மதிப்பெண்தான் கழிக்கிறீர்கள். எஸ்டேட்டில் அந்த மாதச் சம்பளமே கழிந்துவிடும். நிர்வாகம் கற்பிக்கும் நிறுவனத்துக்குக் கடல்நாயைவிட இது தொலைவான பொருளா என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

பழி முழுவதும் தங்கள் மேல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கென்று இரண்டு பருவம் உண்டு. அதன்பின் ஒரு நீண்ட கட்டுரையைக் கூடப் படித்து முடிக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் வாங்குகிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கடைசி மூன்று மாதத்து மாக் டெஸ்ட் மாற்றாது. மாற்றுவது, ஓராண்டுக்குக் குறையாமல் தினம் ஒரு நீண்ட கட்டுரை, அதன் வாதத்தை இரண்டே வரியில் எழுதிப் பார்ப்பது (தமிழில் எழுதினாலும் பலன் குறையாது), தவறவிட்ட கேள்வியில் தான் தேர்ந்த விடை ஏன் தப்பு என்று எழுத்தில் வைப்பது. இதற்கு ஒரு நூலக அட்டை போதும். அதனால்தான் யாரும் இதை விற்பதில்லை.

அப்படி எல்லாரும் திருந்திவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். பர்சன்டைல் என்பது வரிசை எண். 2024-ல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அத்தனை பேரும் நாளையே சிறந்த வாசகர்களானாலும் பாதிப்பேர் 50-க்குக் கீழேதான் இருப்பார்கள். தாங்கள் வாசிப்பை அளக்கவில்லை, இடத்தைப் பங்கிடுகிறீர்கள். பங்கிடுவது தப்பில்லை, இடம் குறைவு. பங்கிடும் கோலை மட்டும் ஒரே தெருவில் வாங்க வேண்டாம் என்பதே விண்ணப்பம்.

தமிழில் தேர்வு வையுங்கள் என்று கேட்பதாக எண்ணிவிட வேண்டாம். ஜே.இ.இ. மெயின் 2021 முதல் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. அதனால் வானம் இடிந்து விழவில்லை என்பது வேறு விஷயம். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் வெர்பலும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பத்திகளில் ஒன்றை மட்டும் சட்டம், பட்டறை, கூட்டுறவு, ரேஷன் கணக்கு ஆகியவற்றிலிருந்து எடுங்கள். அலாவுதீனைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் விடைக்குறிப்பை ஆட்சேபிக்கக் கேள்விக்கு இவ்வளவு என்று தேர்வரிடம் கட்டணம் வசூலிக்கிறீர்கள். இக்கடிதத்தின் மீது தங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் இலவசமாகவே தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
அம்பத்தூர்வாசி