சக்கரப் பிரமாணம்: அலாய் சக்கரத்திற்கு டயர் அளவு தேரும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

தன்னைப் பற்றிய சகல விவரங்களையும் தன் மேனியிலேயே பொறித்துக் கொண்டு, நாள்தோறும் லட்சக்கணக்கான மக்களின் கண்முன்னே உருண்டு திரிந்தும், ஒருவராலும் படிக்கப்படாமலே தேய்ந்து மறையும் நூல் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது மோட்டார் காரின் டயரேயாகும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்போர் உண்டு. ஏட்டுச் சுவடிக்கு மையாடிப் பார்ப்போர் உண்டு. டயரின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எழுத்துகளுக்கு அத்தகைய பாக்கியம் வாய்த்ததில்லை. சாதாரணக் காரை உடையவர், பட்டன் தேய்ந்து வழுவழுப்பானதும் கடைக்குச் சென்று, "இதே மாதிரி நாலு போடப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிடுகிறார். ஸ்போர்ட்ஸ் காரை உடையவருக்கு அவ்வளவு சுலபத்தில் முக்தி கிடையாது. அவர் முதலில் அழகுக்காக ஒரு ஜதை அலாய் சக்கரங்களை வாங்கி, பிறகு இன்னொரு ஜதையும் வாங்கி, நான்கையும் வீட்டுக் கூடத்தில் சாய்த்து வைத்து இரண்டு நாள் பார்த்து மகிழ்ந்த பின்னரே, இவற்றுக்கு எந்த அளவு டயர் என்ற சம்சயத்திற்கு ஆளாகிறார். சம்சயத்திலிருந்து விசாரணையும், விசாரணையிலிருந்து கட்சிகளும் பிறக்கின்றன. அக்கட்சிகளின் வாதங்களை நடுநிலையோடு எடுத்துரைப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும். நடுநிலை பிறழும் இடங்களைப் படிப்போரே கண்டுகொள்வர்.

அலாய் சக்கரமும் டயர்ச் சச்சரவும் இரட்டைப் பிறவிகள் என்பதற்குச் சரித்திரச் சான்று இருக்கிறது. எட்டோரே புகாட்டி தம்முடைய டைப் 35 என்னும் பந்தயக் காரை, வார்ப்பு அலுமினியத்தால் ஆகிய எட்டுப் பட்டைக் கம்பிச் சக்கரங்களோடு 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரப் பந்தயத்தில் இறக்கினார். கண்டவர் அனைவரும் சக்கரத்தின் அழகைப் புகழ்ந்தனர். அன்று புகாட்டியின் கார்களைப் படுத்தி வைத்ததோ டயர்களே. வெற்றி ஆல்பா ரோமியோவுக்குப் போயிற்று. அந்த நாள் தொட்டு இந்த நாள் வரையில் சக்கரத்தைப் புகழ்வோர் ஒரு புறமும் டயரால் வருந்துவோர் மறு புறமுமாக உலகம் நடைபெற்று வருகிறது. இருவரும் பெரும்பாலும் ஒரே மனிதர்தாம் என்பது என் துணிபு.

ஆராய்ச்சிக்கு உதாரணமாக ஒரு காரை எடுத்துக் கொள்ளுதல் மரபு. ஹிரோஷிமாவில் உள்ள மாஸ்டா கம்பெனியார் 1989-இல் சிகாகோ கண்காட்சியில் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் இரட்டை இருக்கை வண்டியை நான் தேர்ந்ததற்குக் காரணங்கள் உள. ஏறத்தாழ 950 கிலோ எடையே உள்ள அச்சிறு வண்டி முதல் தலைமுறையில் 14 அங்குலச் சக்கரத்தோடு பிறந்து, நான்காம் தலைமுறையில் 17 அங்குலத்தை எட்டிவிட்டது. ஆகவே சர்ச்சைக்கு இடம் தாராளமாக உண்டு. 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. ஆகவே சர்ச்சை செய்வோருக்கும் பஞ்சமில்லை.

இனி மூலபாடத்திற்கு வருவோம். "195/50 ஆர் 15 82 வி" என்பது சூத்திரம். இதன் பதவுரையாவது: 195 என்பது காற்றடைத்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, முன்சொன்ன அகலத்தில் நூற்றுக்கு ஐம்பது என்று கொள்க. ஆர் என்பது உள்ளிருக்கும் இழைகள் ஆரப் போக்கில் ஓடுவதைக் குறிப்பது. 15 என்பது ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில். இவ்வாறு ஒரே வரிக்குள் பிரெஞ்சு அளவையும், விகிதமும், ஆங்கில அளவையும் குடித்தனம் நடத்துவதை இலக்கணத்தார் யாரேனும் கண்டிருந்தால் வழு என்று ஒதுக்கியிருப்பர்; டயர் உலகத்தார் அதனை வழுவமைதி என்று ஏற்றுக் கொண்டனர். இக்குறையைக் களைய முயன்றவர் ஒருவரும் இல்லை என்பதற்கில்லை. பிரெஞ்சு தேசத்து மிஷெலின் கம்பெனியார் 1970-களில் டிஆர்எக்ஸ் என்ற புது முறை ஒன்றை வகுத்து, ரிம்மின் விட்டத்தையும் மில்லிமீட்டரிலேயே 390 என்று சொல்லத் தலைப்பட்டனர். அளவை சுத்தமாயிற்று, ஆனால் 390 மில்லிமீட்டர் ரிம்முக்கு அங்குல டயர் எதுவும் பொருந்தாமையின், அச்சக்கரங்களோடு வண்டி வாங்கியவர்கள் இன்றைக்கும் டயர் தேடி அலைகிறார்கள். சீர்திருத்தக்காரர்களுக்கு நேர்கிற கதி அவர்களுடைய பக்தர்களுக்கும் நேர்வது புதிதன்று.

82 என்பது சுமைக் குறியீடு. அதனை 82 கிலோ என்று எண்ணி மயங்குவோர் உண்டு. 475 கிலோ என்பதே மெய்ப்பொருள். வி என்பது வேகக் குறியீடு; மணிக்கு 240 கிலோமீட்டர். இந்த வேக எழுத்துகளின் வரிசையில்தான் உரையாசிரியனுக்குப் பெரும் சோதனை வருகிறது. எஸ் 180, டி 190, யு 200 என்று ஆங்கில அகரவரிசையில் ஒழுங்காக ஏறிக் கொண்டே வந்து, யுவுக்கும் விக்கும் நடுவே திடீரென்று எச் என்ற எழுத்து 210 என்னும் மதிப்போடு உட்கார்ந்திருக்கக் காண்கிறோம். இடைச்செருகலோ, ஏடெழுதினவனின் பிழையோ என்று ஐயுறுவோர் சற்றே பொறுக்க. ஆதியில் எஸ், எச், வி என்ற மூன்று எழுத்துகளே வழக்கிலிருந்தன. மற்றவை பிற்காலத்தே அகரவரிசையோடு வந்து புகுந்தன. எனவே இடைச்செருகல் எச் அன்று, அதனைச் சூழ்ந்திருக்கும் ஏனையவையே என்று நிறுவப்படுகிறது. இந்த ஒரு முடிவுக்காகவேனும் இவ்வாராய்ச்சி பயனுடைத்தாயிற்று.

சூத்திரத்தின் பொருள் இவ்வாறாக, எந்தச் சூத்திரத்தைக் கொள்வது என்பதற்குப் பிரமாணம் வேண்டுமன்றோ? தர்க்க சாஸ்திரிகள் சொல்லும் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூன்றில் முதலாவதை மட்டுமே நம்புவோர் ஒரு கட்சி. இவர்களுக்குக் கண்ணே பிரமாணம். வண்டியின் அருகில் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்து, நான்கு விரல் நுழைந்தால் முகம் வாடுவார்கள். இரண்டு விரல் நுழைந்தால் மலர்வார்கள். ஒரு விரலும் நுழையாவிட்டால் மோட்சம் சித்தித்ததாகக் கொள்வார்கள். சக்கரம் பெரிதாகவும் ரப்பர் மெலிதாகவும் இருத்தலே இவர்கள் காணும் லட்சணம். இவர்களில் தீவிரமானவர்கள் அகன்ற ரிம்மின் மேல் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டி, பக்கச் சுவர் சாய்ந்து நிற்கும்படி செய்வர். கடைக்காரப் பையன் காற்றை ஏற்ற ஏற்ற, டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காராமல் போக்குக் காட்டி, கடைசியில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தத்தோடு உட்காருகிறபோது, சுற்றி நிற்பவர் அனைவரும் ஓரடி பின்வாங்குவர். வண்டிக்காரர் மட்டும் ஓரடி முன்வருவார். ஒவ்வொரு டயருக்கும் இன்ன அகலத்திலிருந்து இன்ன அகலம் வரையில்தான் ரிம் ஆகும் என்று விதி இருக்கிறது. 195/50 ஆர் 15-க்கு ஐந்தரை அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரை. அதற்கு மேற்பட்டால் ரிம்மின் உதட்டைக் காக்க ரப்பர் இராது. நடைபாதைக் கல்லில் லேசாக உரசினாலும் உலோகம் சுரண்டப்படும்.

அகலவாதிகள் என்று ஒரு கிளைக் கட்சி உண்டு. டயர் எவ்வளவுக்கெவ்வளவு அகலமோ அவ்வளவுக்கவ்வளவு தரையைப் பற்றும் என்பது இவர்களுடைய மகாவாக்கியம். தோற்றத்துக்கு இது மறுக்க முடியாததாகவே இருக்கிறது. ஆயினும் டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன் மீதுள்ள சுமையை உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் வருவதை ஏறக்குறைய ஒத்திருக்குமே தவிர, அகலத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. ஆட்களோடு ஒரு டன் எடையுள்ள எம்எக்ஸ்-5-க்குக் கம்பெனியார் விதித்த 26 பவுண்டு காற்றை வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு சக்கரமும் மண்ணைத் தொடுவது ஒரு தபால் கார்டைவிடச் சற்றே பெரிய இடத்தில்தான். அகன்ற டயரைப் போட்டால் அந்தக் கார்டு குறுக்கே திரும்பிப் படுத்துக் கொள்ளுகிறது, அவ்வளவே. திரும்பிப் படுத்துக் கொள்வதால் வளைவுகளில் பயன் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. மழை நீர் தேங்கிய சாலையில் அதே அகலம் தண்ணீரை ஒதுக்க மாட்டாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்குவதையும் அகலவாதிகள் மறுக்கலாகாது.

அனுமானக் கட்சியார் கணிதத்தில் வல்லவர்கள். இவர்களை விட்டவாதிகள் என்று வழங்கலாம். சக்கரம் எத்தனை அங்குலமானாலும் ஆகட்டும், டயரோடு கூடிய மொத்த விட்டம் மட்டும் மாறலாகாது என்பது இவர்களது சித்தாந்தம். முதல் எம்எக்ஸ்-5-இன் 185/60 ஆர் 14 என்ற அளவைக் கணக்கிட்டால், பக்கச் சுவர் 111 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 577.6. பதினைந்து அங்குலத்துக்கு மாறி 195/50 போட்டால் 576. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே கடக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது விட்டவாதிகளின் கண்ணில் ஆனந்த பாஷ்பம் துளிர்ப்பதை யாரும் காணலாம். பதினாறு அங்குலத்தில் 205/45 என்றால் 590.9, நூற்றுக்கு இரண்டேகால் பங்கு கூடுதல். முன்பு மீட்டர் துல்லியமாக இருந்ததென்று வைத்துக் கொண்டால், இப்போது முள் நூறைக் காட்டுகையில் வண்டி நூற்றிரண்டில் போய்க் கொண்டிருக்கும். பதினேழு அங்குலத்தில் 225/45 போடுவேன் என்று துணிந்தால் விட்டம் 634-ஐ எட்டி, திருப்பும்போதெல்லாம் டயர் மட்கார்டின் உட்புறத்தைத் தின்னும். கியர்கள் எல்லாம் நெடியனவாகி, வண்டியின் துள்ளல் மறையும்.

விட்டத்தைக் காப்பாற்றிக் கொண்டே சக்கரத்தைப் பெரிதாக்கினால் எது சிறுக்கும்? ரப்பர்தான் சிறுக்கும். இந்த இடத்தில் எனக்குள்ள பட்சபாதத்தை ஒளிக்கப் போவதில்லை. அந்தப் பக்கச் சுவர் வெறும் கறுப்பு விளிம்பன்று. அதற்குள் அடைபட்ட காற்றே வண்டியின் முதல் ஸ்பிரிங். 185/60-இல் 111 மில்லிமீட்டராக இருந்த சுவர், 205/40 ஆர் 17-இல் 82 ஆகக் குறைகிறது. குறைந்தால் ஸ்டியரிங்கைத் தொட்ட மாத்திரத்தில் வண்டி திரும்பும், உண்மை. குழியில் விழுந்த மாத்திரத்தில் ரிம் தரையைத் தொடும், அதுவும் உண்மை. இரும்பு ரிம் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் தட்டத் தட்ட விரிசல்தான் வளரும். எடையின் விஷயமும் உண்டு. அலாய் சக்கரம் இலேசானது என்று சொல்லியே விற்கப்படுகிறது. இரண்டங்குலம் பெரிதாக வாங்கியவர் அந்த இலேசை இழந்துவிடுவது மட்டுமன்றி, மிஞ்சிய எடையை அச்சிலிருந்து தள்ளி விளிம்பிலே கொண்டு வைத்துச் சுழற்றுகிறார்.

மூன்றாவதான ஆப்தவாக்கியம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணின் மீது பார்த்தால் கிடைக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். டயரின் அளவும், முன்னுக்கும் பின்னுக்கும் வேண்டிய காற்றும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். வண்டியைப் படைத்தவர்களே எழுதி ஒட்டிய அந்த வாக்கியத்தை எந்தக் கட்சியாரும் பிரமாணமாக எடுத்தாள்வதில்லை. அகலவாதிகள் அது சாமானியருக்காக எழுதப்பட்டது என்பர். விட்டவாதிகள் அது கணக்கின் ஆரம்பமே ஒழிய முடிவன்று என்பர். டொயோட்டா கம்பெனியார் 2012-இல் 86 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டபோது, அதற்கு 215/45 ஆர் 17 அளவில் மிஷெலின் பிரைமசி என்ற சாந்தமான டயரைப் போட்டனுப்பினர். பிரியஸ் என்ற சிக்கன வண்டிக்கும் அதே டயர் போடப்பட்டு வந்தது. வேண்டுமென்றே பிடிப்பைக் குறைத்து, மிதமான வேகத்திலேயே வண்டி வழுக்கி விளையாட வேண்டுமென்று பொறியாளர்கள் கருதிச் செய்த காரியம் அது. வாங்கியவர்களில் பலர் அதை அவமதிப்பாகக் கொண்டு, முதல் வாரத்திலேயே அகன்ற டயருக்கு மாறினர். பிறகு வண்டி வழுக்க மாட்டேன் என்கிறதென்று குறைபட்டவர்களும் அவர்களிலே உண்டு.

எஞ்சியிருப்பது ஸ்டெப்னி இயல். முதல் எம்எக்ஸ்-5-இன் டிக்கியில் டி115/70 டி 14 என்று பொறித்த மெலிந்த சக்கரம் ஒன்று கிடக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் விட்டம் 516.6 மில்லிமீட்டர், ஏனைய மூன்றையும்விட அறுபது மில்லிமீட்டர் குறைவு. ஒன்றரை மில்லிமீட்டருக்காக ஊண் உறக்கமின்றி வாதாடும் சித்தாந்தத்தைக் கம்பெனியாரே நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் மீறி, அதனைச் சட்டபூர்வமாக டிக்கியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பின்சக்கரம் பஞ்சரானால் நல்ல முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னே மாட்டி, இந்தக் குள்ளனை முன்னே மாட்டுவது டிஃபரென்ஷியலுக்கு நல்லது என்று அறிந்தவர் சொல்லுவர். நடுநிசியில், நெடுஞ்சாலையோரத்தில், ஜாக்கியை இரண்டு முறை ஏற்றி இறக்கி அவ்வாறு செய்பவர் எத்தனை பேரோ! இந்த முரண்பாட்டை விட்டவாதி ஒருவரிடம் எடுத்துச் சொல்லி விளக்கம் கேட்டேன். அவர் சிறிதும் கலங்காமல், "அது ஆபத்தர்மம் ஐயா, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லாது" என்றார்.