விண் கூவிய வெளி

இன்றைய பெடியளுக்கு முற்றவெளி என்றால் மேடையும் வெளிச்சமும். எங்களுக்கு அது பந்தடி. யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் இடையில், பண்ணைக் கடற்காற்று தடையில்லாமல் வந்து விழும் அந்த வெளியில், இரண்டு சைக்கிள்களை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினால் அதுதான் கோல் கம்பம். முனியப்பர் கோவில் மணி கேட்டால் ஆட்டம் முடிந்தது. தோற்ற பக்கம் கச்சான் வாங்கித் தரவேண்டும், அந்தச் சுடுகச்சானை ஊதி ஊதித் தின்ற ருசியை வாய் இன்னும் தேடுகிறது. 1974 ஜனவரி 10 அன்று, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாளில் உயிரிழந்தவர்களின் நினைவுத்தூண்கள் அங்கேதான். பந்து அந்தப் பக்கம் உருண்டால், எடுக்கப் போகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவான்.

இசையும் இருந்தது. தை மாதத்து வாடைக்காற்றில் எட்டுமூலைக் கொடிகள், அதாவது பட்டங்கள், ஏறும். மூங்கிலை வில்லாக வளைத்து நாடா இழுத்துக் கட்டிய விண், கொடியின் தலையில் இருந்து கூவும். காற்று உரத்தால் சுருதி ஏறும், தணிந்தால் இறங்கும். நாலைந்து கொடி ஒன்றாக நின்றாலும் எது தன்னுடைய விண் என்று அண்ணர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். அவரைவிடப் பெரிய சங்கீத வித்துவான் உலகத்திலேயே இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

1990இல் கோட்டைச் சண்டையோடு வெளி வெறிச்சோடிற்று. மின்சாரமில்லை, பற்றரிக்குத் தடை. கோல் கம்பமாக நின்ற அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கம்பி கொழுவி, முறைவைத்துப் பெடல் சுற்றிக் கசெற்றில் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாடகரின் குரலும் இழுபட்டுத் தடிக்கும். ஒரு பாட்டுக்கு அத்தனை பேர் அவ்வளவு அமைதியாகக் காது கொடுத்ததைப் பிறகு நான் காணவில்லை.

2016 ஜூனில் வெளியின் பக்கத்துத் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியில் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. பந்து மதிலுக்குள் போயிற்று. வெளிக்குப் பாட்டு வந்தது. 2023 அக்டோபர் 21 இரவு, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் ‘யாழ் கானம்’ நிகழ்ச்சி. கட்டணமில்லை. சைக்கிளில்தான் போனேன். ஒரு காலத்தில் நடக்கவே பயந்த நிலத்தில், குழந்தையைத் தோளில் ஏற்றிய தகப்பன்மாரும் வயோதிபரும் பெடியளும் நெருக்கிக்கொண்டு பாடியபோது என் தொண்டை அடைத்தது. அடுத்த பெப்ரவரியில் அதே வெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் சனம் தடைகளைத் தாண்டிப் பாய்ந்து பாட்டு இடையில் நின்றதை அறிந்து மனம் நொந்தேன்.

பாட்டு வரட்டும், நிரந்தர மேடைகூடக் கட்டட்டும். வேலி மட்டும் அடைக்க வேண்டாம். போன தையில் அந்தப் பக்கம் போனேன். கம்பம் நட்டு மூடாமல் விட்ட குழிகளைத் தாண்டித் தாண்டி ஒரு சிறுவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். அவன் கொடியில் விண் கட்டியிருந்தது.