கொட்டாங்கச்சியில் ஒரு வில்லன்

கேள்வி: மட்டாஞ்சேரி யூத ஜெபாலயத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, 'அவங்க பண்டிகைக் கதை சொல்லும்மா' என்று என் மகள் நச்சரிக்கிறாள். வீட்டிலேயே கைவேலையாகச் செய்து காட்ட ஏதாவது சொல்லுங்களேன்!
- ஒரு வாசகி, கும்பளங்கி

பதில்: தென்னைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே அம்மா! செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை எடுங்கள். மூடியை வீசிவிட்டு, மேலே தென்னங்கீற்றைப் பின்னிப் போடுங்கள். அதுதான் சுக்கோத் பண்டிகைப் பந்தல். எகிப்திலிருந்து தப்பிய யூத முன்னோர்கள் 40 ஆண்டு பாலைவனத்தில் அலைந்த கதையை அதனடியில் சொல்லலாம். கூரை செடி கொடியில் வேய்ந்ததாக இருக்கவேண்டும், இடுக்கில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது என்பது மரபு. நம் வீட்டு கான்கிரீட் தளம் இந்தத் தேர்வில் பெயில்!

அடுத்தது பூரிம் பண்டிகை. இரண்டு கொட்டாங்கச்சிக்குள் கூழாங்கல் போட்டு ஒட்டினால் கிலுகிலுப்பை ரெடி. எஸ்தர் ராணி கதையில் 'ஆமான்' என்ற வில்லன் பெயர் வரும்போதெல்லாம் அதை ஆட்டி, பெயரே காதில் விழாமல் செய்யவேண்டும். அரசியல் கூட்டங்களுக்கும் இந்த வசதி வந்தால் தேவலை.

ஹனுக்காவுக்கு கார்த்திகையில் மிஞ்சிய அகல் ஒன்பது போதும். எட்டு இரவுகளுக்கு எட்டு, ஏற்றிவிட ஒன்று. ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை. இன்றைய எண்ணெய் விலையில் குழந்தையைவிட உங்களுக்குத்தான் அதிகம் பிடிக்கும்.

1568இல் கட்டிய அந்த ஜெபாலயத்தைச் சுற்றி வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மறுபடி போனால் சனிக்கிழமை போகாதீர்கள். அன்று பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை.