கேட்டுக்குள் ஒரு குடியரசு, மலைமேல் மூன்று நாடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் பொதுக்குழு. நிகழ்ச்சி நிரலில் ஒன்பது பொருள். முதல் பொருளுக்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது. பொருள் இதுதான்: வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எந்த லிஃப்டில் ஏறலாம்?

அவர்கள் சமையலறை வரை வரலாம். குழந்தையைத் தூக்கலாம். படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டலாம். லிஃப்டில் மட்டும் நம்மோடு நிற்கக் கூடாது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எழுந்து "ஹைஜீன்" என்றார். கைதட்டினார்கள். ஹைதராபாத்தில் ஒரு குடியிருப்பில் அபராதமே போட்டிருக்கிறார்கள் என்று செயலாளர் முன்னுதாரணம் காட்டினார். மேலாளர் வீட்டு நாய் அதே லிஃப்டில்தான் தினமும் இறங்குகிறது. அதைத் தடுக்க முடியாது. விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. வேலைக்கு வரும் பெண்களுக்கும் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் உண்டு, 2007இல் தொடங்கியது. அதன் கை இன்னும் லிஃப்ட் வரை நீளவில்லை.

பாதியில் எழுந்து வெளியே வந்தேன். கேட்டருகே எங்கள் காவலாளி நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். ஊர் ஜவ்வாது மலை, புதூர்நாட்டுப் பக்கம்.

"உள்ள என்ன சார் கூட்டம்?"

"அசோசியேஷன் கூட்டம்."

"எங்க ஊர்லயும் கூட்டம் போடுவாங்க சார். ரோடு, பஸ்ஸு, பட்டான்னு பேசுவோம். பேசி ஒண்ணும் ஆவாது. இங்க?"

"இங்க பேசினா ஆகும்."

பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். அடுக்ககங்களின் படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் 2022 செப்டம்பரில் தனி மின்கட்டணம் போட்டார்கள், யூனிட்டுக்கு 8 ரூபாய். சங்கங்கள் கொதித்தன. 2023 அக்டோபரில் லிஃப்ட் இல்லாத சிறு அடுக்ககங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். பதின்மூன்று மாதம். குறைத்ததைக் குறை சொல்லவில்லை. அந்த வேகம் அரசுக்குத் தெரியும் என்பதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

அதே அரசு மலையில் எப்படி நடந்தது? வன உரிமைச் சட்டம் 2006இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கிராம சபையே தன் காட்டைக் காக்கலாம், பராமரிக்கலாம் என்றது. மலைவாசிகளுக்கு ஓர் உரிமையாளர் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008இல் அதை எதிர்த்து ஒரு வழக்கு வந்தது. நீதிமன்ற அனுமதியில்லாமல் பட்டா வழங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அது உச்ச நீதிமன்றத்தில் விலக 2016 பிப்ரவரி ஆனது. எட்டு ஆண்டு. இடையில் இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. கோட்டையில் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

அடுக்ககத்துக்கு 1994இல் ஒரு சட்டம். போதவில்லை என்று 2022இல் இன்னொன்று, 2024இல் அதற்கு விதிகள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட இனி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும். ஒருவர் முரண்டு பிடித்து மற்றவர்களை முடக்கக் கூடாதாம். நியாயம்தானே. மலையென்றால் மட்டும் ஒரு வழக்கு மொத்த மாநிலத்தையும் எட்டு ஆண்டு முடக்கலாம்.

புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு. மூன்று ஊராட்சி, முப்பதுக்கு மேற்பட்ட மலைக்கிராமங்கள், பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். பெயரில் மூன்று நாடு இருக்கிறது. அதிகாரத்தில் முக்கால் சென்ட் கிடையாது. பழங்குடிப் பகுதிகளுக்கான அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை பத்து மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு முழம் நிலம்கூட அதில் இல்லை. அதனால் 1996இன் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமும் மலையேறவில்லை.

சரி, சாதாரண ஊராட்சியாவது நடந்ததா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இந்த மூன்று நாடும் இருக்கும் மாவட்டத்தில் 2021 அக்டோபரில். நடுவில் ஐந்தாண்டு தனி அலுவலர் ஆட்சி. எங்கள் சங்கத்தில் தேர்தல் ஐந்து மாதம் தள்ளிப்போனபோது ஒருவர் பதிவுத்துறைக்குப் போனார், ஒருவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார், இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறி அன்று மாலையே திரும்பி வந்தார்.

மலை மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆம்பூருக்கு மேலே நாயக்கனேரி ஊராட்சியில் 2021இல் தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியின்றித் தேர்வானவரைப் பதவியேற்க விடவில்லை. ஜனநாயகத்துக்கு எந்த லிஃப்ட் என்று அங்கேயும் ஒரு கூட்டம் தீர்மானித்திருக்கிறது. நம்மவர்கள் இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, அவர்களும் அப்படித்தான்" என்பார்கள். அந்தச் சமாதானத்துக்குச் சந்தா வாங்கினால் சங்க நிதி ஒரே மாதத்தில் நிரம்பிவிடும்.

எங்கள் வளாகத்துக்குள் நூறடிக்கு ஒரு வேகத்தடை. கார்கள் குலுங்காமலிருக்கப் போன வருடம் ரப்பரில் மாற்றினோம். 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, புதூர்நாட்டை ஒட்டிய மலையில், புலியூர்க்காரர்கள் சேம்பரைக் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இரங்கல் வந்தது, நிவாரணம் வந்தது. 2023 மே மாதம், வேலூர்ப் பக்கத்து அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த பச்சைக் குழந்தையை நேரத்துக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. செத்த குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதியில் நின்றுவிட்டது. தாய் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். எங்களுக்கு ஒன்பதாம் மாடிக்குப் பிரியாணி சூடாக வருகிறது. கொண்டுவரும் பையன் படியேறித்தான் வருகிறான், அது வேறு விஷயம்.

திரும்பப் போய் உட்கார்ந்தேன். முதல் பொருளில் தீர்மானம் நிறைவேறியிருந்தது: பின்பக்க லிஃப்ட். சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் மிச்சம் எட்டுப் பொருளையும் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். நீச்சல் குளத்துக்குப் புது ஓடு, நான்கரை லட்சம், ஏற்கப்பட்டது. வாசலில் செயற்கை அருவி, இரண்டு லட்சம், ஏற்கப்பட்டது. மலை மாதிரி தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று ஓர் அம்மா திருத்தம் கொடுத்தார். அதுவும் ஏற்கப்பட்டது.

ஒன்பதாவது பொருள்: காவலாளிக்கு ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார் என்றார் மேலாளர். நிதிநிலையையும் பார்க்க வேண்டும் என்றார் பொருளாளர். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அன்று ஒருமனதாக நடந்தது அது ஒன்றுதான்.