கொலுவில் வாட்டர்லூ

நவராத்திரிக்கு எங்கள் தெரு சார் ஒருவர் வீட்டுக்குப் போனால் சுண்டல் கைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். காரணம் நெப்போலியன்.

நாகப்பட்டினத்தில் மற்ற வீட்டுக் கொலுவில் தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் பொம்மை இருக்கும். இவர் வீட்டில் அம்பாள் மேல்படி ஓரத்தில் ஒதுங்கி நிற்க, மீதிப் படியெல்லாம் பட்டாளம். அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் சிப்பாய்கள். நீலக் கோட்டு பிரெஞ்சுக்காரன், சிவப்புக் கோட்டு இங்கிலீஷ்காரன். பூதக்கண்ணாடி வைத்துப் பொத்தான்வரை அவரே வர்ணம் அடித்தது. ஃபேன் போடக் கூடாது, குதிரைப்படை சாய்ந்துவிடும். ஐப்பசி பிறக்காத நாகைப் புழுக்கத்தில் பட்டுப்புடவைப் பெண்கள் வியர்த்து வழிவார்கள். நெப்போலியனுக்கு மட்டும் சௌகரியம்.

நாம் ஒரு தப்புச் சொல்லக் காத்திருப்பார். சொல்லாவிட்டால் சொல்ல வைப்பார்.

"மனோரா போயிருக்கீங்களா?"

போயிருக்கிறோம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்து எட்டடுக்குக் கோபுரம்.

"எதுக்குக் கட்டினது?"

"வாட்டர்லூவில் நெப்போலியன் தோத்ததுக்கு."

முகம் மலர்ந்துவிடும். "அதான் தப்பு! கல்வெட்டுல 1814. வாட்டர்லூ 1815 ஜூன் 18. நடக்காத சண்டைக்கா சரபோஜி ராஜா கோபுரம் கட்டுவார்? 1814-ல அவனை எல்பா தீவுக்கு அனுப்பினாங்களே, அந்த வீழ்ச்சிக்கு! ஆனா பாருங்க, மறு வருஷம் மார்ச்சுல ஆளு திரும்பி வந்து நிக்கிறான்!" சொல்லிவிட்டுத் தனியாகச் சிரிப்பார். போன வருஷம் இதே பதிலைக் கேட்டவர்கள் சரியாக "1814" என்றால் முகம் வாடிவிடும். அதனால் தெருவே சேர்ந்து வருஷா வருஷம் "வாட்டர்லூ" என்று பொய் சொல்கிறது. சீக்கிரம் முடியட்டும் என்றுதான்.

முடியாது. அடுத்து தொப்பி. எல்லாரும் முன்பின்னாக வைக்க, நெப்போலியன் மட்டும் குறுக்கே வைத்த கதை.

ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க் நெப்போலியன் பக்கம் சேர்ந்ததால் 1808-ல் இங்கிலீஷ்காரன் அதன் வசமிருந்த தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்டு 1815 வரை வைத்திருந்தான் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. இவர்தான் சொன்னார். ஐரோப்பாச் சண்டை பக்கத்து ஊர்வரை வந்ததை அவர் சொல்லும்போது வியர்வைகூடக் கொஞ்சம் மறந்துபோகும்.

ஆனால் உள்ளே ஒன்பது நாளும் சுண்டல் தாளிப்பது அவர் வீட்டு அக்கா. படி கட்டியது, துணி விரித்தது, வந்தவர்களுக்குத் தாம்பூலம் எடுத்து வைப்பது எல்லாம் அக்கா. அக்கா பெயர் எந்தப் போர்க்குறிப்பிலும் வராது. வந்த குழந்தைகளோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பிஞ்சு விரல் நீண்டால் போதும், "தொடாதே!" என்ற சத்தம் வாசல்வரை கேட்கும். பொம்மையைத் தொடக் கூடாதென்றால் அது எதற்குப் பொம்மை?

சார், ஒரு வேண்டுகோள். சுண்டல் கிண்ணத்தை முதலில் நீங்களே எடுத்து வந்து கொடுங்கள். பிறகு ஒரே ஒரு சிப்பாயைக் குழந்தைகளிடம் விடுங்கள். கால் உடைந்தால் உடையட்டும். வாட்டர்லூவிலிருந்து எல்லாரும் முழுசாகவா திரும்பினார்கள்?