பன்னெண்டரை மூட்டை

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. ஒங்கம்மா சொல்லிச்சு, பாரிசுல காருக்குப் பின்னால கட்டில், அடுப்பு, கக்கூசோட ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டு லீவுக்கு ஊர் சுத்தப் போறியாமே? நல்லா சுத்து. ஒங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவாப் போயி சைகோன் வரைக்கும் பாத்துட்டு வந்தவரு. அவரு மூட்டைய முதுகுல தூக்குனாரு, நீ வீட்டையே தூக்கிட்டுப் போற. நம்ம ஊரு நெரவிக்குப் பெருமைதான்.

இஞ்ச கேரவன்னா ஷூட்டிங்ல கதாநாயகன் ஒளிஞ்சிருக்குற வண்டி. ஒனக்கு அதுல பாதியாவது வேணாமா? வேணும், வேணும். ஒரே ஒரு சந்தேகம், கேக்கலாம்ல? ஒன் பெர்மி, அதான் அந்த ஊரு லைசென்சு, அதுக்குத் தாங்குமா?

ஏன் முழிக்கிற? மாமனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? போன பொங்கலுக்கு ஒங்க பெரியப்பன் வந்து இதே திண்ணையில ரெண்டு மணி நேரம் இந்தப் புராணத்தத்தான் படிச்சான். கிலோவுல சொன்னா என் மண்டையில ஏறாது. 60 கிலோ நெல் மூட்டையா மாத்திக் கேட்டுக்கிட்டேன்.

ஒங்கிட்ட இருக்குறது வெறும் பி. பின்னால கட்டுற வண்டி 750 கிலோவுக்குள்ள இருந்தா அது போதும். நம்ம கணக்குல பன்னெண்டரை மூட்டை. நம்ம மாட்டு வண்டியே முனகாம இழுத்துடும். அதுக்கு மேல போச்சுன்னா காரையும் பின்வண்டியையும் சேத்துக் கூட்டணும். ரெண்டும் சேந்து 3500 கிலோவத் தாண்டலைன்னா அப்பவும் பொழச்சே. தாண்டி 4250-க்குள்ள நின்னா பி 96-ன்னு ஒண்ணு, 7 மணி நேரம் பாடம் கேக்கணும். அதையும் தாண்டுனா பிஇ, பரிச்சையே எழுதி ஓட்டிக் காட்டணும். ஒங்கம்மா ஒன்ன பத்தாங்கிளாசு பரிச்சைக்கு அனுப்ப பட்ட பாடு எனக்குத் தெரியும். அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அதக் கேளு. காலி வண்டியத்தானே இழுத்துட்டுப் போறேன்னு அந்த ஊர் போலீசுக்கிட்ட நீ பல்லக் காட்ட முடியாது. பாரத்தோட சேத்து எவ்வளவு எடை வரைக்கும் வரலாம்னு வண்டிப் புத்தகத்துல எழுதியிருக்கோ அதத்தான் அவன் கூட்டுவான். கார் 2300, கேரவன் 1500-ன்னு எழுதியிருந்தா 3800. உள்ள ஒரு தலையணை கூட இல்லாட்டியும் 3800-தான். சாப்பிடாதவனுக்கும் இலைக்குக் காசு வாங்குற கடை மாதிரி.

நம்ம சர்க்காரு தாராள மனசுக்காரன். 1988-ல போட்ட மோட்டார் வாகனச் சட்டத்துல இலகு ரக வண்டிக்கு இப்ப 7500 கிலோன்னு ஒரு கோடு கிழிச்சு வச்சிருக்கான். நூத்தி இருவத்தஞ்சு மூட்டை, வாய் கொள்ளல. சரக்கு வண்டின்னா பாரத்தோட சேத்து நிறுப்பான். டிராக்டரையோ வெறும் வயித்தோட தராசுல ஏத்துவான். ரெண்டு டன்னு, மிஞ்சினா மூணு டன்னு. இலகு ரகமேதான். பின்னால வைக்கோல் போரு கோபுரம் மாதிரி ஆடிக்கிட்டு வருமே, அது? அது டிராக்டர் இல்லையே மாப்ளே, அதுபாட்டுக்கு வருது! டிராக்டர் லைசென்சு வச்சிருந்தவன் பின்னால டிரெய்லர மாட்டிட்டான்ங்குறதுக்காக அவன் லைசென்சு செல்லாமப் போயிடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2001-ல சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிங்க உக்காந்து, இலகு ரக லைசென்சு இருந்தா 7500 கிலோவுக்குள்ள சரக்கு வண்டியும் ஓட்டலாம், தனியா முத்திரை வேணாம்னு முடிச்சுட்டாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்கதான் மாட்டேன்னு அது வரைக்கும் மல்லுக்கு நின்னுச்சு.

அதுக்காக ஒரேயடியா குளுந்துடாத. டிரெய்லர் சாமான் ஏத்தத்தான். மாங்கனித் திருவிழாவுக்கு அரசலாத்துப் பாலத்து மேல ஆளுங்கள அள்ளிப்போட்டுப் போறானுங்களே, கவுந்தா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். டிரெய்லருக்கும் தனியா நம்பர் வாங்கணும். நம்மாளு அந்த எடத்துல நடிகர் படத்த ஒட்டி வச்சிருக்கான். லைசென்சே இல்லாம பிடிபட்டா 5000 ரூபா. மீசை முளைக்காத பயல ஏத்தி உட்டா அப்பன்காரனுக்கு 25000, மூணு வருசம் உள்ளயும் போகலாம். நம்ம செவப்புத் தொப்பி போலீசு நல்லவரு, டீ ஆறுறதுக்குள்ள மறந்துடுவாரு. அவரு மறந்தாலும் வாஞ்சூர் எல்லையத் தாண்டுனா நாகூரு, அது தமிழ்நாடு. லைசென்சு இந்தியா முழுக்கச் செல்லும்னு சட்டம் சொல்லுது. லைசென்சு இல்லாததும் இந்தியா முழுக்கச் செல்லாது, அதான் சங்கடம்.

ஒன் பிரெஞ்சுக் கார்ட இஞ்ச நீட்டலாம்னு நெனக்காத. கூடவே சர்வதேச லைசென்சுச் சீட்டு ஒண்ணு இல்லாட்டி, அந்தக் கார்ட வச்சு விசிறிக்கலாம்.

என் கதையச் சொல்லவா? சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. டிராக்டர் ஓட்டிப் பழகுன புதுசு, சட்டைப் பையில லைசென்சு மொறமொறன்னு இருக்கு. தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு வைக்கோல் ஏத்திக்கிட்டு களத்துலேருந்து பின்னாடி எடுக்குறேன். ஸ்டீரிங்க எடது பக்கம் ஒடிச்சா டிரெய்லர் வால் வலது பக்கம் போவுது. சரின்னு வலது பக்கம் ஒடிச்சா அது எடது பக்கம் போவுது. பொண்டாட்டி மாதிரின்னு சொல்லலாம்னு பாத்தேன், ஒங்க அத்தை உள்ளதான் இருக்கா. கடைசில டிராக்டரும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அதோட உட்டுச்சா? கொக்கியில போடுற பின்னு அதுக்கு மொத நாளே தொலஞ்சுபோயி, நான் ஒரு கம்பியச் சொருகி, கயித்தால ரெண்டு சுத்து சுத்தி வச்சிருந்தேன். ஒடிச்ச ஒடிப்புல கம்பி வளஞ்சு வெளிய வந்துடுச்சு. நான் முன்னாடி போறேன், டிரெய்லர் பின்னாடி போவுது. நிதானமாப் போச்சு மாப்ளே, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. வாய்க்கால் கரையேறி, வைக்கோலோட தண்ணியில எறங்கி உக்காந்துடுச்சு. நாலு பேரு வந்து தூக்குனாங்க. நாலு பேருக்கும் லைசென்சு இல்ல.

அந்த 7 மணி நேரப் பாடத்துல இந்தக் கொக்கி, பின்னு, பின்னாடி எடுக்குறது எல்லாம் சொல்லிக் குடுக்குறாங்களாம். பெரியப்பன் சொன்னப்ப கட்டில இழுத்துட்டுப் போறதுக்கெல்லாம் பாடமான்னு நானும் சிரிச்சேன். அவன் போன பொறவு கொல்லப் பக்கம் போயி அந்தக் கம்பியத் தேடி எடுத்தேன். இன்னும் வளஞ்சுதான் இருக்கு.

நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்குக் களத்துக்கு வா. காலி டிரெய்லர், புதுப் பின்னு, ரோட்டுக்கு ஏத்த மாட்டேன். களத்து ஓரம் ரெண்டு தென்னை இருக்கு பாரு, அதுக்கு நடுவுல பின்னாடி உட்டுக் காட்டு. எடது பக்கத்து மரத்துல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு தழும்பு இருக்கும், அது என்னுது. வலது பக்கத்து மரம் சும்மாத்தான் நிக்குது.