ஒன்றா, இரண்டா?

‘பெட் ரெஸ்ட்’ என்று சீட்டில் எழுத மருத்துவருக்கு மூன்று நொடி போதும். எந்த மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. பெட் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நாள் வாடகைக்கு. ரெஸ்ட்டை மட்டும் நோயாளி தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

என் அக்கா மகளுக்கு வயிற்றில் இரட்டை. 28-ஆம் வாரத்தில் வயிறு விட்டுவிட்டு இறுக ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்துவிட்டது, எந்த நேரமும் பிரசவ வலி வரலாம், பாத்ரூம் போவதைத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். அவளுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி துணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வீடு இரண்டாம் மாடி, தண்ணீர்க் குழாய் கீழே. அவள் படுத்துவிட்டால் தண்ணீர் தூக்குவது யார்? போகிற கூலியைக் கொடுப்பது யார்? சீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை. கேட்டால், “குழந்தைங்க முக்கியமா, வேலை முக்கியமா?” என்று பதில் வரும். இந்தக் கேள்வியைப் பெண்ணிடம் கேட்க இந்த நாட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு. முதலாளியிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வராது.

சரி, படுத்தால் குறைப்பிரசவம் நிற்குமா? 1980-களிலேயே ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் இரட்டைக் கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில், மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. குறைப்பிரசவத்தைக் கட்டில் தடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பும், எல்லோரையும் வாடிக்கையாகப் படுக்கவைக்க ஆதாரம் போதாது என்றது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் அதையே சொல்கிறது. மாறாக, நாள் கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், தசை இளைக்கும். நாற்பது வருஷப் பழைய செய்தி. நம் ஊர் சீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழாம் மாதத்தில் வலி கண்டவள் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சேரத்தான் வேண்டும். கண்காணிக்க வேண்டும், ஊசி போட வேண்டும், பிள்ளை பிறந்துவிட்டால் பக்கத்திலேயே இன்குபேட்டர் வேண்டும். கட்டில் அதற்காக. கட்டிலையே மருந்தென்று விற்கும்போதுதான் எரிகிறது.

உண்மையான மருந்து ஒன்று உண்டு. குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் உள்ளே இருக்கும் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் தேறும் என்று நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-இல் காட்டினார்கள். நம் நாட்டில் அது டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. கிராமத்துச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டி வெளியிட்டது. அக்கா மகள் முதலில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியின் பில்லை வரி வரியாகப் படித்தேன். இரண்டு உயிரைக் காக்கிற அந்த ஊசிதான் இருப்பதிலேயே மலிவு. கையுறைக்கு அதைவிட அதிகம். விலை குறைவென்பதால் மரியாதையும் குறைவு. அங்கே யாரும் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. ‘டீலக்ஸ் ரூம் எடுத்துக்கங்க, அட்டெண்டருக்கும் கட்டில் உண்டு’ என்பதைத்தான் பேசினார்கள்.

அந்த அறையில்தான் சி.டி.ஜி. மிஷினைப் பார்த்தேன். வயிற்றில் பெல்ட் கட்டி, இரண்டு வட்டுகளை வைத்து, இரண்டு பிள்ளைகளின் இதயத் துடிப்பையும் தனித்தனியே பிடிக்க வேண்டும். திரையில் 142, பக்கத்திலும் 142. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. நர்ஸுக்குத் திருப்தி. படுத்திருந்தவள் சொன்னாள்: “சிஸ்டர், ரெண்டும் ஒரே குழந்தையோடது மாதிரி இருக்கு.” “படுத்துக்கிட்டே மிஷினுக்குப் பாடம் எடுக்காதீங்க” என்றது பதில். டியூட்டி மாறி வந்த மூத்த நர்ஸ் ஒரு வட்டை விலா ஓரம் நகர்த்தினார். 156. அதுவரை ஒரே பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டிருக்கிறது மிஷின்.

மிஷினை மன்னிக்கலாம். அதற்கு இதில் லாபம் இல்லை.

லாபம் உள்ளவர்கள் எண்ணுவதைப் பாருங்கள். ஆஸ்பத்திரி பில்லில் இதயத் துடிப்புப் பதிவு இரண்டு. பிறக்காத பிள்ளைகளுக்கு இன்குபேட்டர் அட்வான்ஸ், தலைக்கு ஒன்றாக, இரண்டு. இங்கே இரட்டை என்றால் சந்தேகமில்லாமல் இரண்டு பேர். அந்த பில்லை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை அவர் கம்பெனி இன்ஷூரன்ஸை அழைத்தார். பிரசவத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். “சார், இரட்டைக் குழந்தை.” மறுமுனையில் குரல் ரொம்பப் பணிவு. “வாழ்த்துகள் சார். ஆனா டெலிவரி ஒண்ணுதானே?”

இன்னொரு அட்வான்ஸ் கேட்ட அன்று மாப்பிள்ளை கையை விரித்தார். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஞானம் பிறந்தது. “ரெண்டு குழந்தைக்கும் இங்க வசதி பத்தாது. ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, அங்க எல்லாமே நல்லா இருக்கு.” சேர்த்த அன்று “ஜி.எச்.சா? ஏன் ரிஸ்க் எடுக்கறீங்க?” என்றதும் இதே வாய்தான். பணம் இருக்கும்வரை அரசு ஆஸ்பத்திரி ஆபத்து. பணம் தீர்ந்த மறுநிமிடம் அது அப்போலோ.

ஜி.எச்.சில் கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார்கள். தலை தாழ்ந்து கால் உயர்ந்து படுத்தால் பிள்ளை இறங்காதாம். தனியாரில் இதே வேலையை ரிமோட் செய்தது. ரிமோட்டுக்கு வாடகை உண்டு, செங்கலுக்கு இல்லை. மருத்துவப் பலன் இரண்டுக்கும் ஒன்றே.

ஆனால் வைத்தியம் அங்கேதான் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் வாய் அழுகிவிடும். கையில் ஃபைலோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு பட்டமேற்படிப்பு மாணவி, எந்தெந்த ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிள்ளைகளின் மூளைக்குப் பாதுகாப்பாக மெக்னீசியம் சல்பேட் ஏற்றினாள். 31-ஆம் வாரத்தில் இரண்டும் பிறந்தன. ஆண் ஒன்று, பெண் ஒன்று. 1.5 கிலோ, 1.3 கிலோ. நேரே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போயின. தேறின. அந்த மாணவி கடைசியாக எப்போது தூங்கினாள் என்று தெரியாது. அவளுக்கு யாரும் பெட் ரெஸ்ட் எழுதித் தருவதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் உட்படப் பிரசவமும், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சையும் முழு இலவசம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டம். சுவரில் போர்டு இருக்கிறது. வசூலும் அந்த போர்டுக்குக் கீழேயே. பிள்ளையைத் துணியில் சுற்றிக் காட்டும்போது ஆணென்றால் ஒரு ரேட், பெண்ணென்றால் ஒரு ரேட் என்பது பத்திரிகைகள் எழுதி எழுதிச் சலித்த செய்தி. எங்களிடமும் கை நீண்டது. “ரெண்டு கொழந்தையாச்சே சார்.” “டெலிவரி ஒண்ணுதானேம்மா” என்று சொல்லிப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்னால் செல்லுபடியாகிற வாதம் நான் சொன்னால் ஆகவில்லை. பெண்ணுக்கு மட்டும் தள்ளுபடி தந்தார்கள். பெண் சிசுக் காப்பில் தமிழகம் முன்னோடி அல்லவா!

இனி சர்க்கார் எண்ணுவதைப் பார்ப்போம். அதுதான் உச்சம்.

அக்கா மகள் பெயர் கான்ட்ராக்டரின் நோட்டில் இருக்கிறது. வேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பீஸ் ரேட். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. வேலைக்குப் போகும் இந்தியப் பெண்களில் பெரும்பாலானவர்கள் நிலை இதுதான். மகப்பேறு விடுப்புச் சட்டம் அவளைப் பொறுத்தவரை பேப்பரில் படித்து ரசிக்கிற விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மாருக்கு மாநில அரசு தரும் 18,000 ரூபாய் உண்டு. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். அதுவும் பிரசவத்துக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். வயிற்றில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது அவர்கள் பாடு.

கம்பெனி ரோலில் அவள் பெயர் இருந்திருந்தால்? 2017 திருத்தம் 26 வாரம் தந்தது. பேஷ். பிரசவத்துக்கு முன் அதில் 8 வாரம் வரை எடுக்கலாம். எதற்கு முன்? மருத்துவர் குறித்த தேதிக்கு முன். அதாவது 32-ஆம் வாரத்திலிருந்து. இவள் படுத்தது 28-இல், பெற்றது 31-இல். சட்டம் கதவைத் திறப்பதற்குள் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டன. கர்ப்பக் கோளாறுக்கும் குறைப்பிரசவத்துக்கும் கூடுதலாக ஒரு மாதம் உண்டு, சான்று காட்டினால். முன்னே படுத்ததற்கும் பின்னே 1.3 கிலோப் பிள்ளையைத் தேற்றுவதற்கும் சேர்த்துக் கூடுதல் அந்த ஒரு மாதம்தான். சட்டம் அதற்கு மேல் காத்திருக்காது.

ஒரு பிள்ளைக்கு 26 வாரம். இரட்டைக்கு? அதே 26. பிரசவம் ஒன்றுதானே. நியாயம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது: ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தால் அடுத்த பேறுக்கு 12 வாரம்தான். இரட்டை பெற்றவள் அடுத்த முறை வந்து நின்றால்? “உனக்குத்தான் ரெண்டு இருக்கே!” கொடுக்கும்போது பிரசவத்தை எண்ணு. பிடிக்கும்போது தலையை எண்ணு. கந்துவட்டிக்காரன்கூட இரண்டுக்கும் ஒரே நோட்டுத்தான் வைத்திருப்பான்.

இதற்கு நீதிமன்ற முத்திரையும் விழுந்தது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் ஒரு பெண். முதல் பேறில் இரட்டை. இரண்டாம் முறை கருவுற்று மகப்பேறு விடுப்பு கேட்டார். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கான விதியைப் பார்த்துத் தனி நீதிபதி 180 நாள் கொடுக்கச் சொன்னார். மத்திய அரசு விடுமா? மேல்முறையீடு. படையில் ஆள் பற்றாக்குறை இருக்கலாம், வழக்கு நடத்த ஆளுக்கு என்றைக்குமே பற்றாக்குறை இருந்ததில்லை. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு விடுப்பை ரத்து செய்தது. அவருக்குப் பொருந்துவது மத்திய அரசு விதி, பிறப்பது மூன்றாவது பிள்ளை, ஆகவே இல்லை. அதோடு நின்றிருக்கலாம். இரட்டையர் ஒருவர் பின் ஒருவராகத்தான் பிறக்கிறார்கள், இடையில் உள்ள நேரத்தை வைத்துத்தான் மூத்தவர் இளையவர் என்கிறோம், ஆக அது இரண்டு பிரசவம் என்றும் அமர்வு கருதியது.

இரண்டு பிரசவமா? மகிழ்ச்சி. அப்படியானால் முதல் பேறிலேயே அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை 180 நாள் சேர வேண்டும். விதியில் இருப்பது ஒன்று. இன்னொரு 180 நாள் சர்க்காரிடம் பாக்கி நிற்கிறது. அதை வட்டியோடு வசூலிக்க யாரும் மேல்முறையீடு போட்டதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவே நம் தலைவர்களுக்குப் பிள்ளை ஆசை வந்துவிட்டது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று பஸ்ஸின் முதுகிலெல்லாம் எழுதிவைத்த நாடு. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, இரண்டுக்கு மேல் பெற்றவர்கள்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவர யோசிப்பதாகச் சொன்னார். அதுவரை அங்கே இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் நிற்க முடியாது என்பதுதான் சட்டம்! அதே மாதம் சென்னையில் 31 ஜோடிகளுக்குத் திருமணம் நடத்திவைத்த அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறை வரும் வேகத்தைப் பார்த்தால் பதினாறு பிள்ளை பெறலாமா என்று மக்களுக்கே தோன்றும் என்றார். பாதி கேலிதான், தெரியும். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது கேலி கொஞ்சம் குறைந்திருந்தது. நாடாளுமன்றத்தில் இடம் குறைந்தால் அதை அடைக்க வேண்டியது நம் வீட்டுப் பெண்ணின் கர்ப்பப்பை. அதன் வாய் 28-ஆம் வாரத்தில் குறுகினால் அது அவள் சொந்தப் பிரச்சினை.

போகட்டும், கேட்டதைக் கொடுத்துப் பார்ப்போம். பதினாறு வேண்டும். ஒவ்வொன்றும் இரட்டையாக அமைந்தால் எட்டே கர்ப்பத்தில் முடிந்துவிடும். உயர் நீதிமன்றக் கணக்கில் பதினாறு பிரசவம். இன்ஷூரன்ஸ் கணக்கில் எட்டு. ஜி.எச். வாசலில் பதினாறு பேருக்கும் தனித்தனி ரேட். மத்திய அரசு விதிப்படி விடுப்பு முதல் இரட்டையோடு சரி. மீதிப் பதினான்கையும் சம்பளப் பிடித்தத்தில் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.